தாய்ப்பாலும் பிறந்த சிசுவின் நிர்ப்பீடனமும்

க.பொ.த. (சா/த) விஞ்ஞானம், சுகாதாரமும் உடற்கல்வியும் ஆகிய பாடங்களைக் கற்கும் மாணவர்களுக்கான விளக்கக் கட்டுரை



"தாய்ப்பால் சிசுவுக்கு நோயெதிர்ப்புச் சக்தியை வழங்குகின்றது." இந்த வசனத்தை நீங்கள் தரம் 6 முதல் எத்தனையோ தடவை எழுதியிருப்பீர்கள். வசனம் சரியானதே. ஆனால் பரீட்சகர் ஒரு படி மேலே சென்று, "எவ்வாறு வழங்குகின்றது? விளக்குக" என்று கேட்டால் பலருடைய பேனா அந்த இடத்தில் நின்றுவிடுகின்றது. அந்த "எவ்வாறு" என்ற வினாவுக்கு விடை தருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. இந்த வினா நமக்கு ஏன் முக்கியம்?

பதுளை மாவட்டத்தில் ஹல்துமுல்ல பிரதேச செயலாளர் பிரிவில், கொஸ்லந்தைக்கு அண்மையில் உள்ளது மீரியபெத்த. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் அங்கு மலை சரிந்து லயங்களை மூடியது. பலர் உயிரிழந்தனர். உயிர் தப்பியவர்களும் அபாயப் பகுதியில் வாழ்ந்தவர்களும் முதலில் அயலில் இருந்த பாடசாலைகளிலும், பின்னர் நீண்ட காலம் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்திலும் தங்கவைக்கப்பட்டனர். அவர்களுக்குப் புதிய வீடுகள் கையளிக்கப்பட்டது 2016ஆம் ஆண்டிலேயே ஆகும்.

ஒரு பாடசாலைக் கட்டடத்தில் பல குடும்பங்கள் ஒன்றாகத் தங்கும் நிலையை எண்ணிப் பாருங்கள். மலசலகூடம் போதாது. கை கழுவ நீர் போதாது. ஒருவருக்கு இருமல் வந்தால் அடுத்த பாயில் படுப்பவருக்கும் வரும். இப்படியான இடத்தில் பிறந்து இரண்டு வாரமான ஒரு சிசு இருந்தால், அதனைச் சூழவுள்ள கிருமிகளிடமிருந்து காப்பாற்ற என்ன இருக்கின்றது? வைத்தியசாலை தூரத்தில் இருக்கலாம். பாதை மண்ணால் மூடப்பட்டிருக்கலாம். தாய் மட்டும் அருகில் இருக்கின்றாள். அவளது பால் அந்த வேளையில் எதைச் செய்யக்கூடியது என்பதை அறிந்திருப்பது ஓர் உயிரைக் காக்கும் அறிவாகும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மலையகத்தில் மீண்டும் மண்சரிவுகள் ஏற்பட்டன. ஆகவே இது பழைய கதையும் அல்ல.

2. நிர்ப்பீடனம் – ஒரு மீட்டல்

நோயாக்கிகளின் தாக்கத்தை எதிர்த்து நிற்க உடலுக்குள்ள ஆற்றல் நிர்ப்பீடனம் எனப்படும். பற்றீரியா, வைரசு போன்றவை உடலினுள் புகும்போது வெண்குருதிக் கலங்களில் ஒரு வகையானவை அவற்றுக்கு எதிரான புரதங்களை உற்பத்தி செய்கின்றன. இப்புரதங்களே பிறபொருளெதிரிகள் ஆகும். ஒவ்வொரு பிறபொருளெதிரியும் குறித்த ஒரு கிருமிக்கு மட்டுமே பொருந்தும். ஒரு பூட்டுக்கு அதற்கேற்ற திறப்பு மட்டும் பொருந்துவது போல என நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிர்ப்பீடனம் இரு வகைப்படும்.

(அ) உயிர்ப்பான நிர்ப்பீடனம்: உடல் தானே பிறபொருளெதிரிகளைத் தயாரித்தல். நோய் வந்து மாறிய பின் கிடைப்பது இயற்கையானது. தடுப்பூசியால் கிடைப்பது செயற்கையானது. உருவாகச் சில நாட்களோ வாரங்களோ செல்லும். ஆனால் நீண்ட காலம் நிலைக்கும்.

(ஆ) உயிர்ப்பற்ற நிர்ப்பீடனம்: வேறோர் உடல் தயாரித்த பிறபொருளெதிரிகளைப் பெற்றுக்கொள்ளல். சூல்வித்தகத்தினூடாகவும் தாய்ப்பாலினூடாகவும் கிடைப்பது இயற்கையானது. விசர்நாய் கடித்தவருக்குத் தடுப்பூசியுடன் தேவைக்கேற்ப ஏற்றப்படும் பிறபொருளெதிரி மருந்து செயற்கையானது. உடனடியாகப் பயன் தரும். ஆனால் சில காலமே நிலைக்கும்.

தாய்ப்பால் தருவது இரண்டாம் வகையைச் சேர்ந்தது. "இயற்கையான உயிர்ப்பற்ற நிர்ப்பீடனம்" என்ற முழுப் பெயரையும் விடையில் எழுதுங்கள். "இயற்கையான" என்ற சொல்லை விட்டுவிடுவது மாணவர்களிடம் அடிக்கடி காணப்படும் தவறாகும்.

3. பிறந்த சிசுவின் நிலை

கருப்பையினுள் சிசு ஏறத்தாழக் கிருமிகள் அற்ற சூழலில் வளர்கின்றது. பிறந்த கணத்திலிருந்தே அதன் தோல், மூக்கு, வாய், குடல் யாவற்றிலும் கிருமிகள் வந்து சேரத் தொடங்குகின்றன.

சிசு முற்றிலும் வெறுங்கையுடன் பிறப்பதில்லை. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் தாயின் குருதியிலுள்ள இம்யூனோகுளோபுலின் ஜி எனும் பிறபொருளெதிரி சூல்வித்தகத்தினூடாகச் சிசுவின் குருதிக்குச் செல்கின்றது. இந்தச் சேமிப்புக்கு இரண்டு குறைபாடுகள் உண்டு.

முதலாவது, அது காலப்போக்கில் கரைந்துபோகும். பிறந்த பின் வரும் மாதங்களில் அதன் அளவு படிப்படியாகக் குறைகின்றது. சிசுவின் சொந்த உற்பத்தியோ மெதுவாகவே அதிகரிக்கின்றது. மாதம் நிறையாமல் பிறந்த சிசுவுக்கு இந்தச் சேமிப்பு ஆரம்பத்திலேயே குறைவு.

இரண்டாவது, அது பெரும்பாலும் குருதியிலேயே காவல் செய்கின்றது. கிருமிகள் உடலினுள் நுழையும் வாசல்கள் குடலும் சுவாசப் பாதையுமே. அந்த வாசல்களின் உட்பக்கத்தை மூடியுள்ள சீதமென்சவ்வின் மேல் காவல் செய்வது இம்யூனோகுளோபுலின் ஏ எனும் வேறொரு பிறபொருளெதிரியாகும். இது சூல்வித்தகத்தைக் கடப்பதில்லை. பிறந்த சிசுவின் குடல் இதனைப் போதியளவு தயாரிக்கவும் பல வாரங்கள் எடுக்கும்.

சுருங்கக் கூறின், வீட்டின் உள்ளே காவலர் இருக்கின்றனர்; வாசலில் எவரும் இல்லை. அந்த வாசற் காவலைத் தருவதே தாய்ப்பால் ஆகும். வயிற்றோட்டமும் நியூமோனியாவும் சிசுக்களின் உயிரைப் பறிக்கும் முக்கிய தொற்றுகளாக இருப்பதை எண்ணினால் வாசற் காவலின் பெறுமதி விளங்கும்.

4. குன்றிமணியும் எலிகளும்: ஒரு வரலாற்றுப் பரிசோதனை

பாலினூடாகப் பாதுகாப்புச் செல்கின்றது என்பதை எவ்வாறு கண்டறிந்தனர்? ஜேர்மனிய விஞ்ஞானி போல் ஏர்லிச் 1892ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதற்கு முக்கியமான சான்றாகும்.

அவர் பயன்படுத்திய நஞ்சுகளை நாமும் அறிவோம். ஒன்று நாம் விளையாடும் குன்றிமணி விதையில் உள்ள ஏப்ரின். மற்றையது ஆமணக்கு விதையில் உள்ள ரிசின். எலிகளுக்கு இந்நஞ்சைச் சிறிது சிறிதாகக் கொடுத்துப் பழக்கியபோது, அவை பெரிய அளவையும் தாங்கும் நிலையை அடைந்தன. அதாவது நிர்ப்பீடனம் பெற்றன. பின்னர் ஏர்லிச் குட்டிகளை மாற்றினார். நிர்ப்பீடனம் இல்லாத தாய்க்குப் பிறந்த குட்டிகளை, நிர்ப்பீடனம் பெற்ற தாயிடம் பால் குடிக்க விட்டார். அக்குட்டிகளும் நஞ்சைத் தாங்கின! அவை அந்தத் தாயின் வயிற்றில் வளரவில்லை. அதன் பாலை மட்டுமே குடித்தன. எனவே பாதுகாப்பு பாலினூடாகவே வந்திருக்க வேண்டும் என்பது நிரூபணமாயிற்று. ஏர்லிச் 1908ஆம் ஆண்டில் மெச்னிக்கோவ் என்பவருடன் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். எலிக்குட்டியின் குடல் பாலிலுள்ள பிறபொருளெதிரிகளை உறிஞ்சிக் குருதிக்கு அனுப்புகின்றது. மனிதச் சிசுவில் அவ்வாறு உறிஞ்சப்படுவது மிகக் குறைவு. நமது தாய்ப்பாலின் பிறபொருளெதிரிகள் பெரும்பாலும் வாய், தொண்டை, குடல் ஆகியவற்றின் மேற்பரப்பிலேயே தங்கி வேலை செய்கின்றன.

5. முதற்பால்: சிறிதளவு, பெரும் பயன்

பிரசவித்த முதல் சில நாட்களில் சுரக்கும் கெட்டியான மஞ்சள் நிறப் பால் கொலஸ்ட்ரம் எனப்படும். இதனைச் சீம்பால் என்றும் கூறுவர். இதன் அளவு சிறிது. முதல் நாளில் ஒவ்வொரு தடவையும் சில தேக்கரண்டிகளுக்கு மேல் வராது. "பால் வரவில்லை" என்று வீட்டார் கலங்குவதற்கு இதுவே காரணம். ஆனால் அன்றைய சிசுவின் இரைப்பை கொள்ளக்கூடிய அளவும் அவ்வளவுதான்.

சீம்பாலில் இம்யூனோகுளோபுலின் ஏயின் செறிவு மிக உயர்ந்தது. வெண்குருதிக் கலங்களும் அதிகமாக உண்டு. பின்னர் வரும் பாலில் இச்செறிவு குறைகின்றது. ஆனால் சிசு குடிக்கும் பாலின் அளவு கூடுவதால், நாளொன்றுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு தொடர்ந்து இருந்துகொண்டே வரும்.

பிறந்து ஒரு மணித்தியாலத்தினுள் தாய்ப்பாலூட்டத் தொடங்க வேண்டும் என உலக சுகாதார ஸ்தாபனம் கூறுவதன் காரணம் இப்போது உங்களுக்கு விளங்கும். கிருமிகள் வாசலை அடையும் முன்பே காவலர் அங்கு நிற்க வேண்டும். சீம்பாலைக் "கெட்ட பால்" எனப் பீய்ச்சி ஊற்றுவது, சிசுவுக்குரிய முதற் பாதுகாப்பை நிலத்தில் ஊற்றுவதாகும்.

6. தாய்ப்பாலில் உள்ள பாதுகாப்புப் பொருட்கள்

தாய்ப்பாலில் ஏறத்தாழ 87 வீதம் நீர் ஆகும். எஞ்சிய பகுதியில் கொழுப்பு, இலற்றோசு, புரதம், விற்றமின்கள், கனியுப்புகள் ஆகிய போசணைப் பொருட்களுடன் பின்வருவனவும் உள்ளன.

(i) சுரப்பு இம்யூனோகுளோபுலின் ஏ: சாதாரண புரதம் குடலில் சமிபாடடைந்துவிடும். இதற்கோ அவ்வாறு எளிதில் சிதையாதபடி ஒரு பாதுகாப்புத் துண்டு இணைந்துள்ளது. அதனால் குடலில் முழுமையாக நின்று கிருமிகளைப் பற்றிக்கொள்கின்றது. பற்றப்பட்ட கிருமியால் குடற்சுவரில் ஒட்ட முடியாது. அது மலத்துடன் வெளியேறுகின்றது. அழற்சியை உண்டாக்காமலே இவ்வேலை நடைபெறுவதால் சிசுவின் மென்மையான குடல் புண்படுவதில்லை.

(ii) இலக்ரோபெரின்: இது இரும்பைப் பற்றிக்கொள்ளும் ஒரு புரதம். பல பற்றீரியாக்கள் பெருகுவதற்கு இரும்பு அவசியம். இலக்ரோபெரின் இரும்பைத் தன்னிடம் பிடித்து வைத்துக்கொள்வதால் அவை பெருக முடியாமற் போகின்றன.

(iii) இலைசோசைம்: பற்றீரியாவின் கலச்சுவரை உடைக்கும் நொதியம். நமது கண்ணீரிலும் உமிழ்நீரிலும் இருப்பதும் இதுவே.

(iv) ஒலிகோசக்கரைட்டுகள்: இவை சிறு வெல்ல அலகுகள் சில இணைந்து உருவான காபோவைதரேற்றுகள். நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் தாய்ப்பாலில் உண்டு. நீரைத் தவிர்த்துப் பார்த்தால் இலற்றோசு, கொழுப்பு ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக அதிகம் இருப்பவை இவைதான். ஆனால் சிசுவால் இவற்றைச் சமிபாடடையச் செய்ய முடியாது! அவ்வாறாயின் தாயின் உடல் ஏன் இவற்றைத் தயாரிக்கின்றது? இரண்டு பயன்கள் உண்டு. முதலாவது, பிபிடோபற்றீரியா எனும் நல்ல பற்றீரியாக்களுக்கு இவை உணவாகின்றன. அவை பெருகி அமிலங்களைச் சுரப்பதால் குடல் அமிலத்தன்மை அடைந்து, தீய பற்றீரியாக்களுக்கு ஒவ்வாத இடமாக மாறுகின்றது. இரண்டாவது, இவற்றுட் சில, குடற்சுவரில் கிருமிகள் ஒட்டும் இடங்களைப் போன்ற அமைப்புடையவை. கிருமி ஏமாந்து இவற்றில் ஒட்டிக்கொண்டு வெளியேறிவிடுகின்றது.

(v) உயிருள்ள வெண்குருதிக் கலங்கள்: இவற்றுட் சில கிருமிகளை விழுங்கி அழிக்கின்றன.

இவ்வைந்தில் எவையேனும் மூன்றைத் தொழிலுடன் எழுதப் பழகிக்கொள்ளுங்கள். பெயரை மட்டும் எழுதினால் முழுப் புள்ளி கிடைக்காது.

7. தாயின் குடலில் இருந்து பாலுக்கு: முக்கியமான பகுதி

மாணவர்களே, இப்போது பாடத்தின் இதயமான பகுதிக்கு வருகின்றோம். தாய்ப்பாலில் எந்தக் கிருமிக்கு எதிரான பிறபொருளெதிரி இருக்க வேண்டும் என்பதை எது தீர்மானிக்கின்றது?

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு தாய் லயத்திலுள்ள பீலியில் நீர் எடுக்கின்றாள். அந்நீரில் வயிற்றோட்டத்தை உண்டாக்கும் ஒரு பற்றீரியா உள்ளது எனக் கொள்வோம். அது அவளது குடலை அடைகின்றது. பின்வரும் படிமுறைகள் நிகழ்கின்றன.

படி 1: தாயின் சிறுகுடற் சுவரிலுள்ள சிறப்புக் கலங்கள் அப்பற்றீரியாவைப் பிடித்து, அங்கிருக்கும் நிணநீர்க் கலங்களுக்குக் காட்டுகின்றன.

படி 2: அந்தப் பற்றீரியாவுக்குப் பொருந்தும் நிணநீர்க் கலங்கள் பெருகத் தொடங்குகின்றன.

படி 3: அவற்றுட் சில நிணநீர் வழியாகவும் குருதி வழியாகவும் பயணம் செய்து முலைச்சுரப்பியைச் சென்றடைகின்றன. பாலூட்டும் காலத்தில் ஓமோன்களின் தாக்கத்தால் முலைச்சுரப்பி இக்கலங்களைத் தன்பால் ஈர்க்கின்றது.

படி 4: அங்கு தங்கிய கலங்கள் அதே பற்றீரியாவுக்கு எதிரான இம்யூனோகுளோபுலின் ஏயைச் சுரக்கின்றன. அது பாலுடன் கலக்கின்றது.

படி 5: பால் குடிக்கும் சிசுவின் குடலில், அந்தப் பற்றீரியாவுக்கு எதிரான காவல் அமைகின்றது.

தாயின் சுவாசப் பாதையை அடையும் கிருமிகள் விடயத்திலும் இதுபோன்றே நிகழ்கின்றது.

இதன் பொருளை ஆழ்ந்து சிந்தியுங்கள். தாயும் சிசுவும் ஒரே காம்பராவில் வாழ்கின்றனர். ஒரே காற்றைச் சுவாசிக்கின்றனர். தாயைச் சேரும் கிருமிகளே பெரும்பாலும் சிசுவையும் சேர்கின்றன. எனவே தாயின் பாலில் அந்த இடத்துக்கு, அந்த வீட்டுக்கு, அந்தக் காலத்துக்குப் பொருத்தமான பாதுகாப்பு உருவாகின்றது. அவள் சிறுவயதில் சந்தித்த கிருமிகளின் நினைவும் அதில் உண்டு. வேறொரு தோட்டத்திலிருந்து மணமுடித்து வந்த தாயாக இருந்தாலும், புதிய இடத்துக் கிருமிகளை அவளது உடல் சந்திக்கச் சந்திக்க, அவற்றுக்கு எதிரான பிறபொருளெதிரிகளும் பாலில் சேர்கின்றன. லயத்தை விட்டு முகாமுக்கு இடம்பெயர்ந்த தாய்க்கும் இதே விதிதான்.

8. பால்மா ஏன் ஈடாகாது?

பசுப்பால் கன்றுக்குரியது. அதிலுள்ள பிறபொருளெதிரிகள் பசு சந்தித்த கிருமிகளுக்கு எதிரானவை. பால்மாவாகத் தயாரிக்கப்படும்போது வெப்பத்தால் அவையும் பெரும்பாலும் அழிந்துவிடுகின்றன. உயிருள்ள கலம் எதுவும் எஞ்சாது. சிசுக்களுக்கான பால்மாவில் போசணைப் பொருட்களைச் சேர்க்கலாம். ஆனால் மேலே 7ஆம் பகுதியில் கூறிய பாதுகாப்பை எந்தத் தொழிற்சாலையும் தயாரித்துப் பேணியில் அடைக்க முடியாது.

பாதுகாப்பு இல்லாமையுடன் ஆபத்தும் சேர்கின்றது. பால்மா கிருமியழிக்கப்பட்ட பொருள் அல்ல. அதனால் 70 பாகை செல்சியசுக்குக் குறையாத சூட்டிலுள்ள நீரில் அதனைக் கரைக்க வேண்டும் என உலக சுகாதார ஸ்தாபனம் அறிவுறுத்துகின்றது. சூப்பிப் போத்தலைக் கொதிநீரில் அவித்தெடுக்க வேண்டும். கரைத்த பாலை ஆறவிட்டு உடனே பருக்க வேண்டும். சுத்தமான நீர், விறகு, பாத்திரம் யாவும் இருந்தாலே இவை இயலும். மழையில் நனைந்த விறகுடன், பலருக்கு ஒரு குழாய் என்ற நிலையில் முகாமில் இருக்கும் தாயால் இதனை நாளுக்கு எட்டுத் தடவை செய்ய முடியுமா?

இதற்கு உண்மையான உதாரணம் ஒன்று உண்டு. 2006 மே மாதத்தில் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா பகுதியில் நிலநடுக்கம் ஏற்பட்டது. நல்ல மனத்துடன் பலர் சிசுக்களுக்கான பால்மாவை அன்பளிப்பாக வழங்கினர். பின்னர் செய்யப்பட்ட ஆய்வில், அவ்வாறு பால்மா பெற்ற இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் 25.4 வீதமானோருக்கு வயிற்றோட்டம் இருந்தமை தெரியவந்தது. பெறாதவர்களில் அது 11.5 வீதம் மட்டுமே. அதாவது இரு மடங்குக்கும் மேல்.

ஆகவே அனர்த்த நிவாரணம் சேர்க்கும்போது, பால்மாப் பேணிகளைச் சேர்த்து எல்லோருக்கும் பகிர்வது உதவியாகாது. பாலூட்டும் தாய்க்கு வயிறு நிறைய உணவு, குடிக்க நீர், மறைவான இடம், ஓய்வு ஆகியவற்றை ஏற்பாடு செய்வதே சிசுவுக்குச் செய்யும் உதவியாகும். தாயை இழந்த சிசு போன்று பால்மா உண்மையாகத் தேவைப்படும் சிசுக்களும் உண்டு. அவர்களுக்கு வைத்திய ஆலோசனையுடன், கவனமாகத் தயாரித்து வழங்கப்பட வேண்டும்.

9. சில தவறான கருத்துகளும் சரியான விளக்கங்களும்

கருத்து: "பிறந்தவுடன் சீனித் தண்ணீர் அல்லது கற்கண்டுத் தண்ணீர் பருக்க வேண்டும்."
விளக்கம்: தேவையில்லை. நீருடன் கிருமிகளும் உட்செல்லலாம். சிறிய இரைப்பை நீரால் நிறைந்தால் சிசு பால் குடிக்காது. முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டுமே போதுமானது. தனியாக நீரும் தேவையில்லை. தாய்ப்பாலின் பெரும்பகுதி நீர் என்பதை மறவாதீர்கள்.

கருத்து: "பயத்தாலும் துக்கத்தாலும் பால் வற்றிவிடும்."
விளக்கம்: அதிர்ச்சி, கவலை ஆகியவை ஒட்சிரோசின் எனும் ஓமோனின் சுரப்பைத் தற்காலிகமாகக் குறைப்பதால் பால் வெளிவருவது தாமதிக்கலாம். உற்பத்தி நின்றுவிடுவதில்லை. சிசுவை அடிக்கடி மார்பில் இட்டு, தாய்க்கு ஆறுதலும் அமைதியும் அளித்தால் பால் மீண்டும் வரும்.

கருத்து: "தாய்க்குத் தடிமன், காய்ச்சல் என்றால் பாலூட்டக் கூடாது."
விளக்கம்: சாதாரண தடிமன், காய்ச்சலில் பாலூட்டலைத் தொடர வேண்டும். அந்நோய்க்கு எதிரான பிறபொருளெதிரிகள் அவள் பாலில் உருவாகிக் கொண்டிருக்கும் வேளை அதுவே. கைகளைக் கழுவி, வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு பாலூட்டலாம். எச்.ஐ.வி. தொற்று, சில வகை மருந்துகள் போன்ற விசேட நிலைகளில் மட்டும் வைத்தியரின் ஆலோசனை அவசியம்.

கருத்து: "சிசுவுக்கு வயிற்றோட்டம் என்றால் பாலை நிறுத்த வேண்டும்."
விளக்கம்: நிறுத்தக்கூடாது. இழந்த நீரையும் சக்தியையும் மீட்டுக்கொடுப்பதற்குத் தாய்ப்பாலை இன்னும் அடிக்கடி ஊட்ட வேண்டும். அத்துடன் தாமதியாமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

10. மலைக்குப் போகும் தாயும் ஆறு மாதங்களும்

ஆறு மாதங்கள் தாய்ப்பால் மட்டும், அதன் பின் மேலதிக உணவுடன் இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் தாய்ப்பால் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் பரிந்துரையாகும். நமது நாடு இவ்விடயத்தில் முன்னணியில் உள்ளது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஆறு மாதத்துக்குக் குறைந்த சிசுக்களில் 82 வீதமானோர் தாய்ப்பாலை மட்டுமே பெற்றனர்.

எனினும் கொழுந்து பறிக்கும் தாயின் கணக்கைப் பாருங்கள். சட்டப்படி அவளுக்குரிய மகப்பேற்று விடுமுறை 84 நாட்கள். 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் எத்தனையாவது பிள்ளையாக இருந்தாலும் இது குறையாது. ஆனால் ஆறு மாதம் என்பது ஏறத்தாழ 180 நாட்கள். இடையிலுள்ள மூன்று மாதங்களுக்கும் மேற்பட்ட காலத்தில் அவள் மலையில் நிற்பாள்; பிள்ளை பிள்ளைக் காம்பராவில் இருக்கும். அவள் மலையில் நிற்கும்போதும் பாலூட்டல் தடைப்படாமல் தொடர வழி என்ன?

வழி சட்டத்திலேயே உண்டு. ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய்க்கு வேலை நாளில் பாலூட்டுவதற்காக இரண்டு இடைவேளைகள் வழங்கப்பட வேண்டும். பிள்ளைக் காம்பரா அல்லது வேறு பொருத்தமான இடம் இருந்தால் ஒவ்வொன்றும் 30 நிமிடத்துக்குக் குறையாமலும், இல்லையெனில் ஒரு மணித்தியாலத்துக்குக் குறையாமலும் இருக்க வேண்டும். இதனை எவரும் சலுகையாக வழங்குவதில்லை. இது தாயின் உரிமையும் பிள்ளையின் உரிமையும் ஆகும்.

தூரத்து மலையில் வேலை என்றால், காலையில் கைகளைக் கழுவிப் பாலைச் சுத்தமான மூடியுள்ள பாத்திரத்தில் எடுத்து வைத்துவிட்டுச் செல்லலாம். சாதாரண அறை வெப்பநிலையில் அதனை நான்கு மணித்தியாலம் வரை வைத்திருந்து, சிறிய கோப்பையால் பருக்கலாம். இதுபற்றி உங்கள் பிரதேசக் குடும்ப சுகாதார உத்தியோகத்தரிடம், நாம் வழமையாக மிட்வைப் என்று அழைப்பவரிடம், விளக்கம் பெறலாம்.

11. தாய்ப்பாலின் எல்லை

தாய்ப்பால் எல்லா நோய்களையும் தடுத்துவிடும் என எழுதுவது தவறு. அது தரும் பாதுகாப்பு உயிர்ப்பற்ற வகையைச் சேர்ந்தது. பாலூட்டல் நிற்கும்போது படிப்படியாக நீங்கும். எனவே தடுப்பூசிகள் அவசியம். இலங்கையில் பிறந்தவுடன் பி.சி.ஜி., 2, 4, 6 மாதங்களில் ஐந்து நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி, 9 மாதத்தில் சின்னமுத்து உள்ளிட்ட நோய்களுக்கான தடுப்பூசி என்பன வழங்கப்படுகின்றன. தாய்ப்பால் இன்றைய காவல். தடுப்பூசி நாளைய காவல். இரண்டும் வேண்டும்.

சிசு பால் குடிக்க மறுத்தல், கடும் காய்ச்சல் அல்லது உடல் குளிர்தல், மூச்சு வாங்குதல், வலிப்பு, சோர்ந்து கிடத்தல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

12. மாதிரி வினா விடைகள்

வினா 1: தாய்ப்பாலினூடாகக் கிடைக்கும் நிர்ப்பீடனத்தின் வகை யாது?
விடை: இயற்கையான உயிர்ப்பற்ற நிர்ப்பீடனம்.

வினா 2: சூல்வித்தகத்தினூடாகப் பிறபொருளெதிரிகளைப் பெற்ற சிசுவுக்குத் தாய்ப்பாலும் ஏன் தேவை? இரண்டு காரணங்கள் தருக.
விடை: (அ) அப்பிறபொருளெதிரிகள் பிறந்த பின் படிப்படியாகக் குறைகின்றன. (ஆ) குடல், சுவாசப் பாதை ஆகியவற்றின் மேற்பரப்பைக் காக்கும் இம்யூனோகுளோபுலின் ஏ சூல்வித்தகத்தைக் கடப்பதில்லை. அது தாய்ப்பாலிலேயே கிடைக்கின்றது.

வினா 3: இலக்ரோபெரின் பற்றீரியாவின் பெருக்கத்தை எவ்வாறு தடுக்கின்றது?
விடை: பற்றீரியாவுக்குத் தேவையான இரும்பைப் பற்றிக்கொள்வதால், அது பற்றீரியாவுக்குக் கிடைக்காமற் போகின்றது.

வினா 4: ஒரு தாயின் பால், அவள் வாழும் இடத்திலுள்ள கிருமிகளுக்கு எதிராகச் செயற்படுவது எவ்வாறு?
விடை: தாயின் குடலை அடையும் கிருமிகளுக்குப் பொருந்தும் நிணநீர்க் கலங்கள் பெருகி, நிணநீர், குருதி ஆகியவற்றின் வழியே முலைச்சுரப்பியை அடைந்து, அக்கிருமிகளுக்கு எதிரான இம்யூனோகுளோபுலின் ஏயைச் சுரக்கின்றன. அது பாலுடன் சிசுவின் குடலைச் சென்றடைகின்றது.

பயிற்சி வினா (விடையை நீங்களே எழுதுக): மண்சரிவினால் இடம்பெயர்ந்த குடும்பங்கள் ஒரு பாடசாலையில் தங்கியுள்ளன. அவர்களுள் ஒரு மாதச் சிசுவுடன் ஒரு தாயும் இருக்கின்றாள். உங்கள் மாணவர் மன்றம் அச்சிசுவுக்குப் பால்மா வாங்கக் காசு சேர்க்கத் தீர்மானிக்கின்றது. மன்றத்தின் செயலாளர் என்ற வகையில், அக்காசை வேறு எவ்வாறு செலவிடலாம் என்பதைக் காரணங்களுடன் விளக்கி ஐந்து வசனங்கள் எழுதுக.

இவ்வினாவுக்கான விடையை எழுதி முடித்ததும் வீட்டில் உள்ளவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். நாளை உங்கள் லயத்தில் ஒரு பிள்ளை பிறக்கும்போது, பரீட்சைத் தாளில் நீங்கள் எழுதியது அங்கேயும் பயன்படும். பரீட்சையில் சிறந்த பெறுபேறு பெற வாழ்த்துகள்.